வேலூரில் இருந்துகொண்டு டிராக் ரேஸ் கார் கட்ட எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து இளைஞர்கள் கார் டிராக் ரேஸ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ரூபாய்க் கணக்கு எல்லாமே என் தோராய மதிப்பீடு. டாலர் விலை, சுங்க வரி, உங்கள் கைக்கு வரும் வண்டியின் நிலை இவற்றைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

டிராக் ரேஸ் என்றால் சரியாக என்ன?

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட வேண்டும். சில இடங்களில் அதில் பாதி, 201 மீட்டர். புறப்படும் கோட்டில் ஒளிக்கதிர் சென்சார்கள் இருக்கும். மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை விழுந்ததும் கிளம்ப வேண்டும். பச்சை விழுந்ததற்கும் வண்டி நகர்ந்ததற்கும் இடைப்பட்ட நேரம் தனிக் கணக்கு. வண்டி கோட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து எல்லையைத் தொடும் வரை ஆகும் நேரத்தைத்தான் இ.டி. என்று சொல்கிறோம். நேருக்கு நேர் பந்தயத்தில் இரண்டும் சேர்ந்துதான் வெற்றியைத் தீர்மானிக்கும். நல்ல இ.டி. இருந்தும் பச்சையைப் பார்த்துத் தாமதமாகக் கிளம்பியதால் தோற்றவர்கள் ஏராளம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணா, எவ்வளவு ஆகும்?

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சாதனம்) இல்லாத பழைய 1.5, 1.6 லிட்டர் பெட்ரோல் காரை முறையாகக் கட்டினால் 7 முதல் 9 லட்சம். அதையே டர்போ போட்டு 250 குதிரைத்திறன் பக்கம் கொண்டுபோனால் 15 முதல் 20 லட்சம். 10 விநாடிக்குள் ஓட வேண்டுமென்றால் கணக்கு அரைக் கோடியை நோக்கிப் போகும்.

இந்த எண்களைக் கேட்டதும் பலர் "அதில் பாதியில் முடிக்க வழி இருக்கிறதா" என்று கேட்பார்கள். எத்தனை விநாடியில் ஓட ஆசைப்படுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதை முடிவு செய்யாமல் பட்ஜெட் போட முடியாது.

விநாடிக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் புரியும். டிராக் ரேஸ்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடையை கிலோவில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, வந்த விடையின் கனமூலத்தை 7.58 ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் தோராயமாக வந்துவிடும்.

எடை 1,000 கிலோ, திறன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-இன் கனமூலம் 2.15. பெருக்கினால் 16.3 விநாடி. 200 குதிரைத்திறனுக்கு 13 விநாடி. 300-க்கு 11.3. 400-க்கு 10.3.

பாருங்கள், முதலில் சேர்த்த 100 குதிரைத்திறன் மூன்று விநாடிக்கு மேல் குறைத்தது. அடுத்த 100, ஒன்றே முக்கால் விநாடிகூட குறைக்கவில்லை. அதற்கடுத்த 100 வெறும் ஒரு விநாடி. ஆனால் செலவு எதிர்ப்பக்கம் போகிறது. 200 வரை நல்ல இன்ஜின் வேலையும் சின்ன டர்போவும் போதும். 300-ஐத் தாண்டினால் பிஸ்டன், கனெக்டிங் ராட், கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாமே மாற வேண்டும். மேலே போகப் போக ஒவ்வொரு விநாடியின் விலையும் முந்தையதைவிடப் பல மடங்கு.

இதில் இன்னொன்றும் உண்டு. டயர் பிடிமானம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போடும் கணக்கு இது. முன்சக்கர வண்டியில், சாதாரண ரோடு டயரில், 250 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு கணக்கில் வரும் நேரத்தை நீங்கள் ஒருநாளும் பார்க்க மாட்டீர்கள்.

எந்த வண்டியை எடுப்பது?

முதலில் விதிப் புத்தகத்தை எடுங்கள். இந்தியாவில் கார் பந்தயங்களுக்கு எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு) தான் அங்கீகார அமைப்பு. வகுப்புகளை இன்ஜின் சிசி, எரிபொருள், எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்பதை வைத்துப் பிரிப்பார்கள். அந்த ஆண்டின் விதிகளைப் படிக்காமல் வண்டி வாங்கி, 20 சிசி அதிகமாகப் போய் பெரிய வகுப்பில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு செலவழித்தும் பயனில்லை.

பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் நல்ல தொடக்கம். எடை குறைவு, 106 குதிரைத்திறன், இன்ஜின் உயர் சுழற்சியைத் தாங்கும். பழைய மாருதி பலேனோ 1.6-உம் அப்படித்தான், உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது. இரண்டுமே ஒன்று ஒன்றரை லட்சத்துக்குள் கிடைக்கும். வாங்கும்போது இன்ஜினைவிட பாடியைப் பாருங்கள். இன்ஜினை எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம். தரைத் தகடும் கதவடிச் சட்டமும் துருப்பிடித்திருந்தால் ரோல் கேஜ், அதாவது உள்ளே இருப்பவரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு, பற்ற வைக்க இடமே இருக்காது.

அந்த 7 லட்சம் எங்கே போகிறது?

வண்டி ஒன்றரை லட்சம். இன்ஜின் ஓவர்ஹால், அதாவது போரிங், பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை, கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம். நல்ல கிளட்ச் 25 முதல் 40 ஆயிரம். ரோல் கேஜ் ஒன்று முதல் ஒன்றரை. பந்தய சீட்டும் ஹார்னஸ் பெல்ட்டும் 60 முதல் 80 ஆயிரம். ஹெல்மெட், தீத்தடுப்பு உடை, கையுறை, ஷூ, கழுத்துப் பாதுகாப்புச் சாதனம் எல்லாம் ஒரு லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். டயர் 60 முதல் 80 ஆயிரம். இசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) டியூனிங்கும் ஒன்று முதல் ஒன்றரை. புஷ், இன்ஜின் மவுண்ட், பிரேக், சில்லறை வேலைகள் 40, 50 ஆயிரம்.

கூட்டிப் பார்த்தால் மூன்று லட்சம் பக்கம் பாதுகாப்புக்கே போகிறது. சரியான கணக்கு அது. அந்தப் பகுதியில் கை வைத்துக் குறைக்கும் யாருக்கும் நான் வண்டி கட்ட உதவ மாட்டேன்.

டர்போ போட்டால் கூடுதலாக எதற்கெல்லாம் செலவு?

டர்போ ஒன்றரை முதல் இரண்டரை லட்சம். எல்லோரும் இதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ராடும் இரண்டு லட்சம் பக்கம். முழு புரோகிராம் செய்யக்கூடிய தனி இசியூ இறக்குமதி என்பதால் அதுவும் இரண்டு லட்சம் பக்கம். பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இன்டர்கூலர், குழாய்கள் சேர்ந்து ஒன்றுக்கு மேல். எல்எஸ்டி டிஃபரன்ஷியல் ஒரு லட்சம். அது இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிப் புகை விடும், வண்டி நகராது. கடைசியாக ஆக்சில். ஒரிஜினல் ஆக்சில் புறப்படும் இடத்திலேயே முறுக்கி உடையும், அதனால் கனமானது செய்ய வேண்டும்.

வாங்கும் வரிசையும் முக்கியம். டர்போவை முதலில் வாங்கி வைத்துவிட்டு ஆக்சிலுக்குப் பணம் இல்லாமல் வண்டி ஷெட்டிலேயே நிற்பதுதான் நம் பக்கத்தில் நடக்கிறது. டிஃபரன்ஷியல், ஆக்சில், கிளட்ச், இவற்றை முடித்துவிட்டு டர்போவுக்குப் போங்கள்.

வேலூர் பக்கத்திலேயே எவ்வளவு வேலை முடிக்கலாம்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை இருக்கிறது. அதைச் சுற்றியும் சிப்காட்டிலும் தகடு, குழாய், ஃபேப்ரிகேஷன் வேலை செய்யும் பட்டறைகள் நிறைய வளர்ந்திருக்கின்றன. ஆர்கான் வெல்டிங்கில் கை தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டவுன் பைப், இன்டர்கூலர் குழாய், இன்ஜின் மவுண்ட் பிராக்கெட், பெட்ரோல் டேங்க் இவையெல்லாம் ரெடிமேடாக இறக்குமதி செய்தால் ஆகும் விலையில் பாதிக்கும் கீழே இங்கே முடியும், தரமும் குறையாது. என்னைக் கேட்டால் வட ஆர்க்காட்டுக்காரர்களின் உண்மையான பலம் இதுதான், இதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: வரைபடம் கொடுங்கள். "பார்த்துச் செய்யுங்கள் அண்ணே" என்று விட்டுவிட்டு வந்தால் அவர்களும் பார்த்துத்தான் செய்வார்கள்.

போரிங், ஹெட் ஃபேசிங், ஃபிளைவீல் கடைசல் ஆகியவற்றுக்கும் ஊரிலேயே நல்ல லேத் பட்டறைகள் உண்டு. கிராங்க் ஷாஃப்ட், ஃபிளைவீல், பிரஷர் பிளேட் மூன்றையும் ஒன்றாக மாட்டி பேலன்சிங் செய்ய வெளியூர் போவது நல்லது. டைனோவில் (வண்டியின் திறனை அளக்கும் இயந்திரம்) வைத்து டியூன் செய்யவும் சென்னை, பெங்களூர், கோவை என்று போகத்தான் வேண்டும். நமக்கு ஒருபக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூர் என்பதால் அது பெரிய சிரமம் இல்லை. பழைய கியர்பாக்ஸ், ஹெட் போன்ற பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் பணம் மிச்சமாகும்.

ரோல் கேஜ் கட்டாயமா? சாதாரண பைப்பில் செய்யக்கூடாதா?

கூடாது. ஜிஐ தண்ணீர்க் குழாயில் கேஜ் செய்த வண்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அடி விழுந்தால் அது மடங்கி உள்ளே இருப்பவர் மேலேயே வரும். துத்தநாகப் பூச்சின் மேல் பற்ற வைத்தால் வெல்டிங் பலவீனமாகும், அந்தப் புகை வெல்டருக்கும் கெடுதல்.

சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி, பிரதான வளைவுக்குக் குளிர் முறையில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் எஃகுக் குழாய் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும், அல்லது 50-க்கு 2. குறைந்தபட்ச இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன். கடைக்காரரிடம் சிடிஎஸ் டியூப் என்று கேட்டு, சோதனைச் சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். வளைக்கும்போது மேண்ட்ரல் பெண்டரில் வளைக்க வேண்டும். வளைவில் குழாய் சப்பையானால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள்.

அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதியில் பழைய மாடல் கார்கள் 11.49 விநாடியோ அதைவிட வேகமாகவோ ஓடினால் ரோல் பார், 9.99-ஐத் தொட்டால் முழு கேஜ் கட்டாயம். "நம் வண்டி 15 விநாடிதானே" என்று சிலர் வாதாடுவார்கள். 15 விநாடி வண்டியும் எல்லையைத் தாண்டும்போது மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கேஜ் கட்டுங்கள்.

ஹெல்மெட் வாங்கும்போது பைக் ஹெல்மெட் வேண்டாம். கார் பந்தய ஹெல்மெட்டுக்குத் தீயைத் தாங்கும் உள்துணி இருக்கும். எஃப்ஐஏ முத்திரையோ ஸ்னெல் எஸ்ஏ முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்னஸ் பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, பழையதை இரவல் வாங்காதீர்கள்.

டயருக்கு இவ்வளவு செலவு தேவையா?

குதிரைத்திறனுக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன் டயருக்குக் கொடுங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. டிராக் ரேஸின் பெரும்பகுதி முதல் 60 அடியில் முடிந்துவிடுகிறது. அந்த 18 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு விநாடி குறைத்தால், எல்லையில் அதைப்போல ஒன்றரை மடங்கு, சில வண்டிகளில் இரண்டு மடங்கு வரை குறையும். அதே பலனை இன்ஜினில் வாங்க லட்சக்கணக்கில் ஆகும்.

முன்சக்கர வண்டியில் கிளம்பும்போது எடை பின்னால் போய்விடும், முன் டயர் பிடிமானம் இழக்கும். அதனால் பின் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைப்பது, காற்றழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிப் பார்ப்பது, ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டில் எழுதுவது, இவை காசில்லாத வேலைகள். இவற்றைச் செய்யாமல் பெரிய டர்போ வாங்க ஓடாதீர்கள். அரக்கோணம் பக்கம் இச்சிபுத்தூரில் எம்ஆர்எஃப் டயர் ஆலையே இருக்கிறது. டயரைப் பற்றித் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய பேர், அவர்களிடம் ரப்பர் கலவையைப் பற்றிப் பேசிப் பாருங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

எடையைக் குறைத்தால் இலவச வேகம்தானே?

கிட்டத்தட்ட. மேலே சொன்ன கணக்கில் 1,000 கிலோவை 900 ஆக்கினால் 16.3 விநாடி 15.8 ஆகும். பின் சீட், ஏசி, தரை விரிப்பு, கதவு அட்டை, ஸ்டெப்னி, தாரைப் போல ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்பு எல்லாம் கழற்றலாம். பாடியின் குறுக்குச் சட்டங்களை அறுக்கக் கூடாது. உங்கள் வகுப்பில் குறைந்தபட்ச எடை விதி இருந்தால் அதற்குக் கீழே போகவும் முடியாது.

ஏற்கெனவே டர்போ உள்ள பெட்ரோல் காரை வாங்கி ரீமேப் (இசியூவின் மென்பொருளை மாற்றுவது) மட்டும் செய்தால்?

2020 வரை விற்பனையில் இருந்த 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற வண்டிக்கு ரீமேப் 30, 40 ஆயிரத்தில் முடியும், உடனே வித்தியாசமும் தெரியும். ஆனால் அதன் ஏழு வேக உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்காகச் செய்தது. ரீமேப் செய்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுவோம். அதோடு பந்தயக் கோட்டில் திரும்பத் திரும்பப் புறப்பட்டால் கிளட்ச் சூடேறிப் போகும். அந்த ரிப்பேர் பில் ஒரு பழைய சிட்டியின் விலைக்கு வரும். ஆசைக்கு ஒருநாள் ஓட்டலாம், பரிசுக்கு ஓட்ட அது வழியில்லை. டீசல் வண்டிகளும் ரீமேப்புக்கு நன்றாக மசியும், எடைதான் அவற்றின் பிரச்சினை.

நம் ஊர் வெயிலில் டியூன் செய்தால் என்ன ஆகும்?

காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் மூன்று சதவீதம் குறையும், திறனும் அதற்கேற்பக் குறையும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் பிற்பகலில் எடுத்த எண்ணும், மார்கழி விடியலில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. டர்போ வண்டியில் சூடான காற்று டெட்டனேஷனை (எரிபொருள் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) கொண்டுவரும், பிஸ்டன் ஓட்டையாவது பெரும்பாலும் அப்படித்தான். இக்னிஷன் டைமிங்கைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் ஒரு காப்பு, ஆனால் அதற்கென்று டியூன் செய்யாவிட்டால் அதன் பலன் முழுதாகக் கிடைக்காது.

நைட்ரஸ் (இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தரும் வாயு)?

விதி அனுமதிக்கும் வகுப்பில் மட்டும். முதல் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

ராத்திரி ஹைவேயில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா?

கூடாது தம்பி. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி என்பது லாரிகளின் நேரம். விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர், குறுக்கே வரும் டிவிஎஸ் ஃபிஃப்டி, சாலையைக் கடக்கும் ஷிஃப்ட் முடிந்த தொழிலாளிகள். சிஎம்சி தன் விபத்து சிகிச்சை மையத்தை அந்தச் சாலையோரம் ராணிப்பேட்டை வளாகத்தில் வைத்திருக்கிறது. அங்கே ஒருநாள் வெளியே காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் சிறைத்தண்டனையும் உண்டு.

ஓட்டிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் களம். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் பிறகு 1990-இல் வந்தது. வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பயிற்சி நாட்களை முன்கூட்டியே கேட்டுப் பணம் கட்டிப் போங்கள்.

ஆர்.சி., இன்சூரன்ஸ்?

மாற்றிய காரை ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளரின் ஒரிஜினல் விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. பந்தயத்தில் நடக்கும் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது. ஆகவே பந்தயத்துக்கு வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

வண்டி கட்டியபின் ஒரு சீசனுக்கு எவ்வளவு?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஏற்றிப் போய் வர ஒவ்வொரு தடவையும் 10 ஆயிரத்தைத் தாண்டும். நுழைவுக் கட்டணம், போட்டி உரிமம், மருத்துவச் சான்று, இரண்டு மெக்கானிக்குகளுக்குக் கூலியும் தங்குமிடமும், பெட்ரோல், ஆயில், ஒரு செட் முன் டயர், ஒரு கிளட்ச், இடையில் ஒருமுறை ஹெட் திறப்பது. டர்போ இல்லாத வண்டிக்கு ஒன்றரை முதல் இரண்டரை லட்சம், டர்போ வண்டிக்கு அதைப்போல இரண்டு மடங்கு எடுத்து வையுங்கள்.

கையில் 10 லட்சம் இருந்தால் ஏழுக்கு வண்டி கட்டி மூன்றை ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் வண்டியில் போட்டவர் இரண்டு ஓட்டத்தோடு நின்றுவிடுவார். ஏழு போட்டவர் அந்த வருஷம் முழுக்க ஓட்டிக் கற்றுக்கொள்வார், அடுத்த வருஷம் அவர்தான் முன்னால் இருப்பார். பரிசுப் பணம் இந்தச் செலவை ஈடுகட்டும் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் விஐடி மாணவன். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை.

உங்கள் கல்லூரியிலேயே பிரவேகா ரேசிங் என்ற ஃபார்முலா ஸ்டூடன்ட் அணி இருக்கிறது. சஸ்பென்ஷன், வெல்டிங், டேட்டா லாகிங், செலவறிக்கை எல்லாவற்றையும் மாணவர்களே செய்கிறார்கள். இரண்டு வருஷம் அங்கே கை அழுக்காக்கிக்கொண்டால், பின்னாளில் சொந்த வண்டி கட்டும்போது பல லட்சம் மிச்சமாகும். பைக் டிராக் இன்னொரு வழி. நம் நாட்டில் அதில்தான் கூட்டமும் போட்டியும் அதிகம், செலவும் கார் செலவில் ஒரு சிறு பங்குதான்.

அமெரிக்காவில் ஓடும் நீள மூக்கு வண்டிகள் எவ்வளவு ஆகும்?

டாப் ஃப்யூல் வண்டிகளைக் கேட்கிறீர்கள். 8.2 லிட்டர் இன்ஜின், நைட்ரோமீத்தேன் எரிபொருள், 11,000-க்கு மேல் குதிரைத்திறன். 2008-இல் ஒரு வீரர் இறந்தபின் அவற்றின் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள், அதை நான்கு விநாடிக்குள் முடிக்கின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிறார்கள். தனிமனிதர் சேமிப்பில் நடக்கும் காரியமில்லை அது, பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பணத்தில் நடப்பது.

கட்டி முடித்த பழைய ரேஸ் கார் விலைக்கு வந்தால் வாங்கலாமா?

நல்ல கேஜ் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கட்டிய செலவில் பாதிக்கும் குறைவாகத்தான் விற்கும், அந்த நஷ்டம் உங்களுக்கு லாபம். கேஜ் குழாயின் சான்றிதழைக் கேளுங்கள். வெல்டிங் இணைப்புகளைக் கண்ணாடி வைத்துப் பின்பக்கமும் பாருங்கள். இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஓவர்ஹால் செலவை விலையில் கழியுங்கள். இசியூவின் பாஸ்வேர்டும் மேப் ஃபைலும் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் டியூனிங்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.